இருநூறு பக்க நோட்டில் ஊரார் பாஸ்வேர்டு

1

ஊரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அக்கா, சைபர் செக்யூரிட்டிக்குப் போவணும்னா என்னா கோர்ஸ் படிக்கணும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்காக ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொள். லினக்ஸ் பழகு. ஏதாவது ஒரு சான்றிதழ்ப் பரீட்சை எழுது. கண்டுபிடித்ததை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொள். ஒருமுறை தட்டி வைத்ததை அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்.

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் நான் அந்த வழியில் வரவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு இருநூறு பக்க நோட்டின் வழியாக, அதுவும் ஒரு தப்பைப் பண்ணிவிட்டு. இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டது மனிதர்கூட இல்லை, ஒரு படிவம்.

2

நெதர்லாந்தில் உத்ரெக்ட் என்ற ஊரில் இருக்கிறேன். வந்து எட்டு வருஷம் ஆகிறது. இங்கே பிறந்தநாளானாலும் வேலையில் இத்தனை வருஷம் முடிந்தது என்றாலும், கொண்டாடப்படுகிற ஆளே கேக் வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எட்டு வருஷம் முடிந்த அன்று நானும் சைக்கிள் கூடையில் கேக்கை வைத்துக்கொண்டு, குலுங்காமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். மேலதிகாரி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "இந்தப் பகுதி மருத்துவமனைகளின் நோயாளிக் கோப்புகளைக் காக்கும் குழுவுக்கு நீ தலைமை ஏற்கிறாயா?" என்று கேட்டார். கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் கேட்டார். நான் டச்சு மொழியில் மிகுந்த மரியாதையோடு சம்மதம் சொன்னேன். இந்த மரியாதைதான் எனக்குப் பெரிய தொல்லை. டச்சிலும் நம்மைப்போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஆனால் ஆபீசில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை. எனக்கோ 'நீ' என்று வாய் வராது. பயிற்சிக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையனையும் 'நீங்கள்' என்பேன். ஒருமுறை மேலதிகாரியின் நாய்க்குட்டியையும் அப்படியே கூப்பிட்டு, ஒரு வாரம் கேலிக்கு ஆளானேன்.

புது வேலைக்கு முன்னால் பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. முப்பது பக்கம் படிவம். இதற்கு முன் குடியிருந்த எல்லா முகவரியும் வேண்டுமாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு, நம் ஊர் வழக்கப்படி, பழைய எண் 14, புது எண் 31 என்று எழுதினேன். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. "இந்த இரண்டு வீடுகளில் எதில், எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை குடியிருந்தீர்கள்?" ஒரே வீடுதான், எண்தான் இரண்டு என்று விளக்க எனக்கு மூன்று கடிதம் பிடித்தது. அவர்கள் இன்னும் முழுசாக நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. "உரிமை இல்லாமல் வேறொருவரின் கணக்கில் நீங்கள் எப்போதாவது நுழைந்ததோ, அதில் இருந்ததைப் படித்ததோ உண்டா?"

என் வீட்டுக்காரருக்குச் சிதம்பரம். சோபாவில் படுத்துக்கொண்டு ஊர் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுக்கு என்னா போடறது?"

"இல்லன்னு போட்டுட்டு வந்து சாப்புடு."

"திருப்பாதிரிப்புலியூர்ல பாதிப்பேர் கணக்குல பூந்து வந்தவ மாமா நானு."

"அத அவன் வந்து பாத்தானா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. என் சிநேகிதி தேவகியைத் தவிர.

3

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரம் ஒரு பெஞ்சு. நடத்தியவர் பரங்கிப்பேட்டை ஜரீனா அக்கா. கணவர் சவூதியில் இருந்தார். முப்பது வயதுகூட ஆகாத அக்கா தினம் ரயிலில் வந்து கடையைத் திறப்பார். நான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். காலேஜ் விட்டு பாசஞ்சரில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய், ஏழரை மணிவரை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன்.

கடையின் உயிர் அந்த நோட்டில்தான் இருந்தது. நீள நோட்டு, இருநூறு பக்கம், அட்டையில் மயில் படம். பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்டு, போன் நம்பர் என்று நாலு பத்தி. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வந்தவர், ரிசல்ட் பார்க்க வந்தவர், துபாய் வேலைக்கு பயோடேட்டா அனுப்ப வந்தவர் என்று எல்லோருக்கும் மெயில் ஐடி நாங்களே தொடங்கி, பாஸ்வேர்டு நாங்களே வைத்து, அதில் எழுதிவிடுவோம். பெயருக்குப் பின்னால் 123. கொஞ்சம் முக்கியமான ஆளென்றால் 1234.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம், நீயே வச்சுக்க" என்பார்கள். பத்து நாள் கழித்து வாசலில் வண்டியை நிறுத்தியபடியே, "பாப்பா, என் பாஸ்வேர்டு என்னா?" என்று குரல் கொடுப்பார்கள். நானும் உள்ளேயிருந்து உரக்கப் படிப்பேன். பெஞ்சில் இருக்கும் எட்டுப் பேர் காதிலும் விழும். ஒருத்தரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ரியாத்திலிருந்து போன் போட்டுத் தன் பாஸ்வேர்டைக் கேட்டவர்கூட உண்டு.

இன்றைக்கு யாராவது இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் நானே கடையை மூடச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அதில் பெருமைதான். ஊரே நம்பி ஒப்படைத்திருக்கிறது, வேறென்ன வேண்டும்?

4

தேவகிக்குக் கடலூர் ஓ.டி., துறைமுகத்தை ஒட்டிய பழைய டவுன். மீன்பிடிக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தப் படகு. அவள் எங்கள் காலேஜிலேயே விலங்கியல் படித்தாள். நான் ஏறின அடுத்த ஸ்டேஷனில் அவள் ஏறுவாள். சிதம்பரம் போகும்வரை வாய் ஓயாது. நோட்டில் 123 போடாமல் தானே பாஸ்வேர்டு வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். அப்பாவின் படகுப் பெயரும் அதோடு மூன்று எண்களும். என்ன பெயர் என்று எழுத மாட்டேன், ஏன் என்று கடைசியில் தெரியும்.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள் ரயிலில் சொன்னாள். "தாமரை, என் மெயிலுக்கு ஹால் டிக்கெட் வந்திருக்குமாம். எடுத்து வச்சுருடி, நாளைக்கு வாங்கிக்கிறேன்." என் முழுப்பெயர் செந்தாமரை.

சாயங்காலம் நோட்டைப் பார்த்து அவள் மெயிலைத் திறந்தேன். ஹால் டிக்கெட்டை அச்செடுத்தேன். அதோடு மூடியிருக்க வேண்டும். அதற்கு மேலே, படிக்காத கடிதம் ஒன்று தடித்த எழுத்தில் இருந்தது. முதல் வார்த்தையே வாழ்த்துகள். கை சும்மா இருக்குமா? திறந்தேன். கோவாவில் கடல் பற்றிய மேல்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலோடு. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் கணேசன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். நல்ல சேதி என்றால் நம் ஊரில் முதலில் என்ன கேட்போம்? அதைத்தான் கேட்டேன்.

"அண்ணே, ஸ்வீட் எங்கண்ணே?"

"எதுக்கு பாப்பா?"

"தேவகிக்கு கோவாவுல சீட்டு கெடச்சிருக்குல்ல! ஒன்னும் தெரியாத மாதிரி கேக்குறீங்க?"

அவருக்கு நிஜமாகவே தெரியாது. "அப்படியா" என்று மட்டும் சொன்னார். ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியின் மேலிருந்த ரேஷன் கார்டை எடுக்கக்கூட மறந்து போய்விட்டார்.

தேவகி வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தாள். அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த ஒன்றரை மாதமும் அவள் அப்பா யாரிடமும் சரியாகப் பேச மாட்டார். தடை முடிந்து, படகு போய், முதல் வலை நிறைந்து வருகிற அன்றைக்கு அவரிடம் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அதற்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. அவர் படிப்புக்கு எதிரி இல்லை என்று பின்னால் தெரிந்தது. மகன் வந்து ஊர்க்காரர்கள்முன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்ததே என்பதுதான் அவர் கோபம். அந்தக் கோபத்திலேயே அவளை அனுப்ப மறுத்துவிட்டார். கோவா அதோடு நின்றது.

5

பரீட்சை முடிந்த மறுநாள் தேவகி கடைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜரீனா அக்காவிடம் நோட்டைக் கேட்டு வாங்கினாள்.

"அக்கா, ஸ்கேல் இருக்கா?"

அக்கா ஸ்கேலைக் கொடுத்தார். தேவகி தன் பெயர் இருந்த வரியில் ஸ்கேலை வைத்து, நீலப் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருநூறு பக்கத்தில் அடித்த வரி அது ஒன்றுதான்.

முதலில் எனக்கு ரோஷம்தான் வந்தது. நல்லது நினைத்ததற்கு இந்த மரியாதையா என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் யாருக்கோ பாஸ்வேர்டு எடுக்க நோட்டைத் திறந்தபோது, மீதி வரிகளெல்லாம் என்னவோ போலிருந்தன. இத்தனை பேர் வீட்டுக் கதவை நான் திறந்து போட்டு வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து வருகிறவர்களையே பாஸ்வேர்டு வைக்கச் சொன்னேன். அவர்கள் தட்டும்போது நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொள்வேன். இங்கே உத்ரெக்டில் செய்தால் பாராட்டுவார்கள். திருப்பாதிரிப்புலியூரில் என்ன நடக்கும்?

"என்னா பாப்பா, மூஞ்சிய திருப்பிக்கிற? நான் என்னா தப்பு பண்ணிட்டேன்?" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். இன்னொருவர், தான் போன வாரம் பேசியது எதையோ நான் மனதில் வைத்திருப்பதாக நினைத்து, அரைக் கிலோ பூந்தி வாங்கி வந்து சமாதானம் பேசினார்.

"அல்லாவே, ஒனக்கு என்னாடி ஆச்சு?" என்றார் ஜரீனா அக்கா. "கஸ்டமர்லாம் கோச்சுக்கிறாங்க. வச்ச பாஸ்வேர்ட மறந்துட்டு திரும்பத் திரும்ப வர்றாங்க. ரோதன ஜாஸ்தியாயிடுச்சு."

ரோதனைதான். ஆனால் எனக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. பெரிய கம்பெனிகள் இத்தனை கோடிப் பாஸ்வேர்டை எந்த நோட்டில் எழுதி வைக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். அவர்கள் பாஸ்வேர்டை வைத்திருப்பதே இல்லை, அதை அரைத்த மாவைத்தான் வைத்திருக்கிறார்கள், மாவிலிருந்து யாரும் அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்த அன்று, லைப்ரரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் காலேஜுக்குப் போன ரயிலில் எனக்கு உட்காரவே முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். தேவகி எதிர் சீட்டில்தான் இருந்தாள். பரீட்சை ரிசல்ட் எப்போது என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. சென்னையில் முதல் வேலை. ஷிப்டு முறையில் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எச்சரிக்கை மணி அடித்தால் நிஜமா பொய்யா என்று சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொய் என்று தெரிந்தும் அந்த ஒன்றுக்காக அலுக்காமல் பார்ப்பதுதான் அந்த வேலையின் பாடம். சான்றிதழ்ப் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டேன், இரண்டாம் தடவை தேறினேன். கல்யாணம், யாழினி பிறந்தாள், கைக்குழந்தையோடு இங்கே வந்தோம். அம்மா தெருவில் எல்லோரிடமும் நான் கம்ப்யூட்டர் போலீஸ் என்று சொல்லி வைத்திருக்கிறாள். திருத்தப் பார்த்தேன், முடியவில்லை.

6

யாழினிக்கு இப்போது ஒன்பது வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். அதற்குப் பழகிவிட்டேன். படிவத்தோடு நான் முட்டிக்கொண்டிருந்த அதே வாரம், அவளுடைய டேப்லெட்டில் ஏதோ பார்க்க எடுத்தேன். பூட்டியிருந்தது.

"நம்பர் என்னம்மா?"

"அது சொல்லக் கூடாது" என்றாள் டச்சில். "டீச்சர் சொல்லியிருக்காங்க. அம்மாகிட்டகூடக் கூடாது."

டேப்லெட்டை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நம்பரைத் தட்டித் திறந்து கொடுத்தாள். ஊரெல்லாம் மேடை போட்டு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் குழந்தை செய்தது. எனக்கோ சுருக்கென்றது. கடைக்கு வந்த அந்தப் பெரியவர் ஏன் வருத்தப்பட்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று சாயங்காலம் படிவத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

7

சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். எல்ஸ் என்ற அம்மாள், நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நோட்டுக் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பூந்தி வாங்கி வந்தவரை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அந்தத் தோழிக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"நீங்கள் சொன்னீர்களா?"

"இல்லை. அவளே தெரிந்துகொண்டாள்."

"தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது நீங்கள்தானே?"

நான்தான். அந்தப் பாடத்துக்கு நானே படம் போட்டு நாற்பது பக்கம் தயாரித்திருக்கிறேன். அதிகாரிகளுக்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், பாதிக்கப்பட்டவருக்கு உடனே என்று அதில் பெரிய எழுத்தில் வரும். நான் பதினாலு வருஷம் தாமதம்.

"வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஒரு கட்டத்தை நிரப்பி அனுப்புங்கள்" என்று ஒரு தாளை நகர்த்தினார் எல்ஸ். "தெரிவிக்கப்பட்டதா: ஆம், இல்லை. அது வராமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதிக்கவே மனமில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. தேவகி என்ன சொல்வாளோ என்பதுதான் பயம். இத்தனை வருஷமாகப் பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, கை கூப்பும் பொம்மை என்று ஒரு மெல்லிசான நூலில் எங்கள் சிநேகம் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்து அது அறுந்துவிட்டால்?

வியாழக்கிழமை கூப்பிட்டேன். அவள் கடலூர் பக்கம் குடிகாட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறாள். வேனில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னாடி அதிசயமா போன்லாம் பண்ற? ஊருக்கு வந்திருக்கியா?"

"இல்லடி. ஒன்னு சொல்லணும். அந்த கோவா லெட்டரு. ஹால் டிக்கெட்டுக்கு ஒன் மெயில தொறந்தது செரி. அத தொறந்து படிச்சது தப்பு. ஒங்கண்ணன்கிட்ட ஒளறுனதும் நான்தான்."

வேன் ஜன்னலை அவள் இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"இத சொல்ல ஒனக்கு பதினாலு வருசம் ஆச்சா? இப்ப எதுக்கு சொல்ற?"

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். மறைத்தால் இன்னொரு தப்பு.

"அப்ப அந்த ஃபார்ம் இல்லன்னா சொல்லியிருக்க மாட்ட?"

"தெரியலடி" என்றேன். அதுதான் உண்மை.

"தாமரை, நீ படிச்சதுக்குக்கூட எனக்கு கோவம் இல்ல. ஒளறுனதுக்கும் இல்ல, நீ ஒரு ஓட்ட வாயின்னு எனக்குத் தெரியாதா? மறுநாளு ட்ரெயின்ல பக்கத்துல ஒக்காந்துகிட்டு, ஒன்னுமே நடக்காத மாதிரி வேர்க்கடலய நீட்டுன பாரு. அதுக்குதான். அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா அன்னிக்கே திட்டித் தீத்திருப்பேன்."

"இப்ப திட்டுடி."

"வேன்ல ஆளுங்க இருக்காங்க. எறங்கிட்டு திட்றேன், வச்சுடாத."

இறங்கினாள். வேன் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை பத்து நிமிஷம் நடந்துகொண்டே திட்டினாள். கோவாவுக்காகத் திட்டினாள், ஹாஸ்டலுக்காகத் திட்டினாள், தன் கல்யாணத்தில் நான் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதற்காகத் திட்டினாள். நான் சமையலறையில் நின்று அழுதுகொண்டே கேட்டேன். கடைசியில், "வூடு வந்துடுச்சு, மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

'ஆம்' என்று நிரப்பி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் எல்ஸ் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. அதிலும் என் முகவரி இரண்டு வீடாகத்தான் இருந்தது.

8

போன ஞாயிற்றுக்கிழமை காலை தேவகியிடமிருந்து ஒரு செய்தி. "என் மெயில்ல எவனோ பூந்துட்டான் போல. லேப்ல எல்லாருக்கும் என் பேர்ல ஏதேதோ லிங்க் போவுதாம். பாஸ்வேர்டு இதான், செத்த பாரேன்."

கீழே பாஸ்வேர்டு. படகின் பெயர், மூன்று எண்கள்.

கோடு போட்டதோடு சரி, அவள் மாற்றவே இல்லை. பதினாலு வருஷமும் அந்தக் கதவு பூட்டாமலே இருந்திருக்கிறது. சாவி என் மனப்பாடத்தில் இருந்தது. தொழில் தெரிந்தவளாக, அதை உடனே அழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தேவகியின் தாமரையாக, அந்தச் செய்தியை அழிக்க விரல் வரவில்லை. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த யாழினி, "அம்மா, அத நீ பாக்கக் கூடாது" என்றாள். அபூர்வமாகத் தமிழில்.

அழித்தேன். உடனே வீடியோ காலில் கூப்பிட்டேன். வேறு எங்கிருந்தாவது யாராவது உள்ளே இருந்தால் வெளியேற்றுவது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் செய்தாள். புது பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்தது.

"நீயே ஒன்னு வச்சு உடேன்."

"அதெல்லாம் கூடாது. நீயே யோசிச்சு அடி. நான் பாக்கல."

பழக்கம் விடுமா, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் போனிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி மூஞ்சிய திருப்பிக்கிற? எனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது. இந்தப் பக்கம் திரும்பு. நோட்டு எடுத்து எழுதி வச்சுக்க."